துணை வேடத்தில் நகைச்சுவை செய்வது எப்படி: டான் நாட்ஸின் வாழ்க்கையைப் பாடமாகக் கொண்டு

மேபெர்ரி என்னும் கற்பனைச் சிற்றூரின் துணைக் காவல் அதிகாரி பார்னி ஃபைஃப் இடுப்பில் துப்பாக்கி அணிந்திருப்பான். ஆனால் அதில் தோட்டா இருக்காது. அவன் கையில் அகப்பட்ட துப்பாக்கி வேண்டாத நேரத்தில் வெடித்துவிடும் என்பதால், ஒரே ஒரு தோட்டாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் போதும் என்று மேலதிகாரியான ஷெரிஃப் ஆண்டி உத்தரவிட்டிருப்பார். ஆபத்து வந்துவிட்டது என்று பார்னி நினைக்கும்போதெல்லாம் அந்தத் தோட்டாவை எடுக்க அவன் விரல்கள் படும் பாட்டைப் பார்த்து 1960களின் அமெரிக்கா சிரித்தது. அவனாக நடித்த டான் நாட்ஸ் அந்த ஒரு பாத்திரத்துக்காக மட்டும் அமெரிக்கத் தொலைக்காட்சியின் எம்மி விருதுகள் ஐந்து பெற்றார். ஐந்தும் துணை நடிகருக்கான விருதுகள்; "தி ஆண்டி கிரிஃபித் ஷோ" என்ற அந்த நிகழ்ச்சியின் தலைப்பில் இருந்ததோ ஷெரிஃபாக உடன் நடித்த ஆண்டி கிரிஃபித்தின் பெயர்.

நாயகனின் நண்பன், வீட்டுக்காரர், அலுவலக எழுத்தர், தெருமுனைக் காவலர் போன்ற வேடங்களே தொடர்ந்து கிடைத்துக்கொண்டிருக்கும் நடிகர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. நாட்ஸைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அவர் செய்ததெல்லாம் திரையில் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறது. பிரித்துப் பார்க்கலாம், பழகிப் பார்க்கலாம். அவர் தவறிய இடங்களும் அவ்வாறே வெளிப்படையானவை.

பார்க்கும் முறை

முதலில் ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 1963இல் ஒளிபரப்பான ஓர் எபிசோடில், பள்ளியில் படித்த அமெரிக்க அரசியலமைப்பின் முகவுரை இன்னும் தனக்கு மனப்பாடம் என்று பார்னி பெருமை பேசுகிறான். முகவுரை மொத்தமே 52 சொற்கள். சொல்லிக் காட்டு என்று ஆண்டி கேட்டதும், முதல் சொல்லை மட்டும் எடுத்துக்கொடுத்தால் போதும் என்கிறான். ஆண்டி எடுத்துக்கொடுக்கிறார். அடுத்த சொல் வரவில்லை, அதையும் எடுத்துக்கொடுக்கிறார். இப்படியே போய், ஆண்டியின் உதட்டசைவைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு சொல்லாகத் தட்டுத்தடுமாறி முடித்த பிறகு, முழுவதையும் தானே ஒப்பித்துவிட்டவனின் நிறைவோடு பார்னி நிமிர்கிறான்.

இந்தக் காட்சியை முதல்முறை வழக்கம்போல் பாருங்கள். இரண்டாம் முறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள்: கண்ணை மூடுவது, விட்டத்தைப் பார்ப்பது, சொல் நாக்கின் நுனியில் நிற்பதுபோல் வாயைத் திறந்து மூடுவது என்று மறதி எத்தனை வடிவம் எடுக்கிறது என்பதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் முறை நாட்ஸை விட்டுவிட்டு கிரிஃபித்தை மட்டும் பாருங்கள். பயிற்சிக்கு வருபவர்களில் பெரும்பாலோர் தவிர்க்க நினைப்பது இந்த மூன்றாவது பார்வையைத்தான்; எனக்குத் தெரிந்தவரை அதிகம் கற்றுத்தருவதும் அதுதான். கிரிஃபித் நண்பனைக் கேலி செய்வதில்லை, அவசரப்படுத்துவதில்லை, பார்வையாளரைப் பார்த்துக் கண்ணடிப்பதில்லை. நண்பன் கரையேறிவிட வேண்டுமே என்று உண்மையாகவே தவிக்கிறார். அவர் தவிப்பதனால்தான் நமக்குச் சிரிப்பு வருகிறது. அவரும் சேர்ந்து சிரித்திருந்தால் பார்னி வெறும் முட்டாளாகியிருப்பான், காட்சி அரை நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

பாத்திரம் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறது

புதிதாக நகைச்சுவை வேடம் ஏற்பவர்கள் பாத்திரத்தின் குறையிலிருந்து தொடங்குகிறார்கள். கோழை என்றால் நடுங்குகிறார்கள், கஞ்சன் என்றால் பணத்தை எண்ணுகிறார்கள், மறதிக்காரன் என்றால் தலையைச் சொறிகிறார்கள். நாட்ஸ் தொடங்கிய இடம் இதற்கு நேர் எதிரானது. பார்னி தன்னைக் கோழையாக ஒருபோதும் எண்ணியதில்லை. ஊரின் பாதுகாப்பு தன் தோளில் இருப்பதாகவும், சட்டப் புத்தகத்தின் ஒவ்வொரு பிரிவும் தனக்குத் தெரியும் என்றும், பெருநகரத்துக் காவல்துறைக்கே தான் ஏற்றவன் என்றும் அவன் மனமார நம்புகிறான். நடைபாதையில் வண்டி நிறுத்தியவரிடம் அவன் பேசும் தோரணையில் ஒரு பெருங்குற்றவாளியைப் பிடித்தவனின் கம்பீரம் இருக்கும். இடுப்பு வாரை மேலே இழுத்துவிட்டு, மூக்கை உறிஞ்சி, மார்பை நிமிர்த்தும்போது அவன் மனக்கண்ணில் தெரிபவன் வேறொரு பார்னி. நம் கண்ணில் படுபவனோ ஒல்லியான, கண்கள் பிதுங்கிய மனிதன். இந்த இரண்டு பார்னிகளுக்கும் நடுவில் உள்ள தூரத்தில் நகைச்சுவை தானாக விளைகிறது. நடிகர் அதைத் தனியாகச் செய்ய வேண்டியதில்லை.

ஆகவே வேடம் கிடைத்தவுடன் வசனத்தைத் தொடுவதற்கு முன் ஒரு தாள் எடுத்து, அந்தப் பாத்திரமே தன்னைப் பற்றி எழுதுவதாக அரைப் பக்கம் எழுதுங்கள். அதில் ஒரு வரிகூடத் தன்னைக் குறைத்துச் சொல்வதாக இருக்கக் கூடாது. உங்களுக்குக் கிடைத்தது வாடகை வசூலிக்கும் வீட்டுக்காரர் வேடம் என்றால், அவர் தம்மைக் கருணையுள்ள வள்ளல் என்றே எழுதட்டும். குடியிருப்பவர்கள்தான் அதைப் புரிந்துகொள்ளவில்லை என்று வருந்தட்டும். பிறகு அந்த அரைப் பக்கத்தை நடியுங்கள். குறையை எழுத்தாளர் ஏற்கெனவே வசனத்தில் வைத்திருப்பார். நீங்களும் அதையே அழுத்தினால் ஒரே குறிப்பை இரண்டு பேர் வாசித்ததுபோல் ஆகிவிடும்.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். பார்னி தோற்றுக் குறுகிப்போகும் தருணங்களில் நாட்ஸ் வேடிக்கையை அப்படியே நிறுத்திவிடுவார். குரல் தணியும், கைகள் அசையாமல் இருக்கும், கண்கள் தரையைப் பார்க்கும். அந்தச் சில நொடிகளில் சிரித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தங்கள் சிரிப்பைப் பற்றியே சற்றுக் கூச்சம் வந்துவிடும். ஒரு முழு எபிசோடில் இப்படி ஓரிடம் இருந்தால் போதும். இயக்குநர் அதைக் கேட்கமாட்டார். ஒத்திகையில் நீங்களே செய்து காட்டி அனுமதி பெற வேண்டும்.

பொருள்களைக் கையாள்வதிலும் இதே நியாயம்தான். தோட்டா ஒன்று, அதை வைக்கும் பை ஒன்று. பயம், பெருமை, அவமானம் என்ற மூன்றையும் காட்ட அந்த ஒரு பொருளே போதுமானதாக இருந்தது. உங்கள் பாத்திரத்துக்கும் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்துகொள்ளுங்கள், சாவிக்கொத்தோ மூக்குக்கண்ணாடியோ ஏதேனும் ஒன்று. அது குறைந்தது மூன்று வெவ்வேறு உணர்ச்சிகளுக்குப் பயன்படும்வரை வேறு பொருளைக் கையில் எடுக்காதீர்கள்.

நடுக்கத்தை எங்கிருந்து எடுத்தார்

பார்னிக்கு முன்பே நாட்ஸுக்கு ஒரு அடையாளம் இருந்தது. 1950களின் பிற்பகுதியில் ஸ்டீவ் ஆலனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில், தெருவில் போகிறவர்களைப் பேட்டி காண்பதுபோன்ற ஒரு பகுதி வரும். அதில் நாட்ஸ் உடல் முழுவதும் உதறிக்கொண்டிருக்கும் ஒரு மனிதராக நிற்பார். பதற்றமாக இருக்கிறீர்களா என்று கேட்கப்படும். கேள்வி முடிகிறதோ இல்லையோ, வெடுக்கென்று "இல்லை!" என்பார். மொத்த நகைச்சுவையும் அந்த ஒரு சொல்லின் வேகத்தில் இருந்தது. அரை நொடி யோசித்துச் சொல்லியிருந்தால் அது பொய்யாகக் கேட்டிருக்கும். முந்திக்கொண்டு வந்ததால், அந்த மனிதர் வாழ்நாளெல்லாம் அந்தக் கேள்விக்கு அஞ்சி அஞ்சிப் பதிலைத் தயாராக வைத்திருந்தார் என்று தோன்றியது.

மேடையேறிக் கைநடுங்கப் பேசிய ஒரு பேச்சாளரைக் கண்ட நினைவிலிருந்து இந்த மனிதர் உருவானார். தாள் படபடப்பதும், தண்ணீர்க் குவளை கையில் ஆடுவதும் நேரில் பார்த்து எடுத்தவை. நீங்களும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதில் "பயந்த சுபாவம்", "கோபக்காரர்" என்று குணங்களை எழுதாதீர்கள். குணத்தை எழுதிவைத்தால் நடிக்கும்போது கையில் ஒன்றும் இருக்காது. கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள்: வங்கியில் படிவம் நிரப்பியவர் பேனா மூடியைப் பற்களில் கடித்துக்கொண்டே பேசினார், கல்யாணப் பந்தியில் ஒருவர் இலையில் விழுந்த ஒவ்வொன்றுக்கும் "போதும்" என்றார் ஆனால் கையை நீட்டி மறிக்கவில்லை, இப்படி. வாரத்துக்கு ஐந்து குறிப்புகள் சேர்ந்தால் போதுமானது.

நாட்ஸின் நடுக்கத்துக்கு வேறொரு மூலத்தைச் சொல்பவர்களும் உண்டு. 1924 ஜூலை 21 அன்று மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் மார்கன்டவுனில் நான்கு ஆண் பிள்ளைகளில் கடைக்குட்டியாக அவர் பிறந்தபோதே தந்தை மனநோயால் பாதிக்கப்பட்டிருந்தார். சிறுவனைக் கத்தியைக் காட்டி மிரட்டியதும் நடந்திருக்கிறது. நாட்ஸுக்குப் பதின்மூன்று வயதானபோது தந்தை இறந்தார். தாய் தங்கும் விடுதி நடத்திக் குடும்பத்தைக் காப்பாற்றினார். இவ்வளவு அச்சத்தில் வளர்ந்த பிள்ளை அச்சத்தையே தொழிலாக்கிக்கொண்டது என்று எழுதுவது எளிது. படிக்கவும் நன்றாக இருக்கும். ஆனால் நடிப்புக் கற்பவருக்கு அதனால் பயன் இல்லை என்பது என் எண்ணம். கலைக்காகச் சொந்தக் காயத்தைக் கிளறச் சொல்லும் பயிற்சிகளை நான் பரிந்துரைப்பதில்லை. காயம் தானாக வந்து சேர்ந்தால் சேரட்டும். கவனிப்பு என்பது தினமும் செய்யக்கூடிய வேலை, அது உங்கள் கையில் இருக்கிறது.

பக்கத்தில் நிற்பவரைத் தேடிக்கொள்வது

இளம் வயதில் நாட்ஸ் பொம்மையைப் பேசவைக்கும் வித்தை செய்தவர். அந்த வித்தையில் சிரிப்பெல்லாம் பொம்மைக்கே போகும். மனிதர் வெறுமனே கேள்வி கேட்டுக்கொண்டு, பொம்மையிடம் திட்டு வாங்கிக்கொண்டு இருக்க வேண்டும். 1943இல் ராணுவத்தில் சேர்ந்து, பசிபிக் பகுதியில் வீரர்களுக்காக நடத்தப்பட்ட கேளிக்கை நிகழ்ச்சிகளில் பங்கேற்றபோது அவருக்கு அது அலுத்துப்போனது. பொம்மையைக் கடலில் எறிந்துவிட்டார் என்றுகூட ஒரு கதை உண்டு. எறிந்தாரோ இல்லையோ, சிரிப்பை அடுத்தவருக்கு எடுத்துக்கொடுப்பது என்றால் என்ன என்பதை ஒரு மரக்கட்டையிடம் பழகிவிட்டிருந்தார். பிறகு எதிரே கிரிஃபித் வந்து நின்றபோது, அவர் செய்வது எவ்வளவு கடினமான வேலை என்று நாட்ஸுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இருவரும் சந்தித்தது 1955இல் நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் அரங்கேறிய "நோ டைம் ஃபார் சார்ஜென்ட்ஸ்" நாடகத்தில். கிரிஃபித் நாயகன், நாட்ஸுக்குச் சிறு வேடம். 1958இல் அது திரைப்படமானபோதும் இருவரும் இருந்தார்கள். 1960 பிப்ரவரியில் டானி தாமஸின் நிகழ்ச்சியில் ஓர் எபிசோடாக மேபெர்ரியின் ஷெரிஃப் முதன்முதலில் திரையில் தோன்றினார். அதைப் பார்த்த நாட்ஸ் கிரிஃபித்தைத் தொலைபேசியில் அழைத்து, ஷெரிஃபுக்கு ஒரு துணை அதிகாரி வேண்டாமா என்று கேட்டார். யோசனை கிரிஃபித்துக்குப் பிடித்தது. தயாரிப்பாளர் ஷெல்டன் லெனர்டிடம் பேசச் சொன்னார். 1960 அக்டோபர் 3 அன்று சிபிஎஸ் தொலைக்காட்சியில் தொடர் தொடங்கியபோது பார்னி அதில் இருந்தான்.

வாய்ப்புக் கேட்பதற்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியவில்லை. "எனக்கு ஏதாவது வேடம் கொடுங்கள்" என்று அவர் கேட்கவில்லை. கதையில் ஓரிடம் காலியாக இருப்பதைக் கண்டு, அந்த இடத்தின் பெயரைச் சொன்னார். நீங்கள் ஓர் இயக்குநரை அணுகும்போதும் அவருடைய முந்தைய வேலையைப் பார்த்துவிட்டு, அந்த உலகத்தில் இன்னும் வராத மனிதர் யார் என்று யோசித்து, அந்த மனிதரை இரண்டு வரியில் சொல்லுங்கள். புகைப்படமும் உயரமும் எடையும் அதற்குப் பின்னால் போகட்டும்.

தொடர் தொடங்கியபோது வேடிக்கை செய்ய வேண்டியவர் கிரிஃபித்தாகவே இருந்தார். நாட்டுப்புறத்து நகைச்சுவைப் பேச்சில் பேர் வாங்கியவர் அவர். ஆனால் இரண்டாவது எபிசோடிலேயே, வேடிக்கை டானிடம் இருக்கட்டும், தான் அதற்கு ஈடுகொடுத்து நிற்பதே சரி என்று உணர்ந்துவிட்டதாக கிரிஃபித் பின்னாளில் சொல்லியிருக்கிறார். தன் பெயரில் ஓடும் தொடரில் ஒரு நாயகன் இதைச் செய்வது அபூர்வம். உங்களுக்கு இப்படி ஒருவர் கிடைப்பார் என்று எதிர்பார்த்திருக்க முடியாது. ஆனால் நீங்கள் இன்னொருவருக்கு அப்படி இருக்கலாம். பயிற்சிக் குழுவில் இருப்பவர்கள் ஒரு மாதம் முழுவதும் நேராக நிற்கும் வேடத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள்: கேள்வி கேட்பவர், நம்புபவர், காத்திருப்பவர். எதிராளிக்குச் சிரிப்பு கிடைத்த இடங்களில் நீங்கள் எத்தனை நொடி பொறுத்தீர்கள் என்று பதிவைப் போட்டுப் பாருங்கள். இதைச் செய்யாத நகைச்சுவை நடிகர்களை ஒரே காட்சியில் கண்டுபிடித்துவிடலாம். அடுத்தவர் பேசும்போது அவர்கள் கண்கள் தங்கள் முறைக்காகக் காத்திருக்கும்.

இருவரும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் காட்சிகளையும் தவறாமல் பாருங்கள். 1963இல் வந்த ஓர் எபிசோடில், வீட்டுக்குப் போய் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டுத் தோழி தெல்மா லூ வீட்டுக்குப் போய்த் தொலைக்காட்சி பார்க்கப் போவதாக பார்னி சொல்கிறான். சொல்லிவிட்டு அசைய மாட்டான். சற்று நேரம் கழித்து அதையே மறுபடியும் சொல்வான். அப்போதும் அசைய மாட்டான். கதை நகரவில்லை, துணுக்கு இல்லை, ஞாயிற்றுக்கிழமை மதியத்தின் சோம்பல் மட்டுமே இருக்கிறது. ஒருவர் பேசாமலிருப்பதை மற்றவர் நம்பும் அளவுக்கு இருவருக்கும் பழக்கம் இல்லாவிட்டால் இதை எழுதவும் முடியாது, நடிக்கவும் முடியாது.

சிறு வேடங்களின் ஆண்டுகள்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ராணுவத்திலிருந்து திரும்பி 1948இல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று நியூயார்க் சென்ற நாட்ஸ், சிறுவர்களுக்கான வானொலித் தொடர் ஒன்றில் கதையளக்கும் கிழவராக ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்தார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. 1953 முதல் 1955 வரை பகல்நேரத் தொடர் ஒன்றில் தன் சகோதரியைத் தவிர யாரிடமும் பேசாத ஒரு மனிதராக நடித்தார். குரல் மட்டும் இருந்த வேலை ஒன்று, பேச்சே அநேகமாக இல்லாத வேலை ஒன்று. பார்னியிடம் இரண்டும் சேர்ந்து வந்தன. உங்களுக்குக் கிடைக்கும் சிறு வேலைகளில் எது எந்தக் கருவியைத் தீட்டுகிறது என்று பார்த்து ஏற்றுக்கொள்ளுங்கள்; டப்பிங்கில் கூட்டத்தின் குரலாக நிற்பதும் அதில் சேரும்.

எப்போது விலகுவது

ஐந்து ஆண்டுகளோடு தொடரை முடித்துக்கொள்ளப்போவதாக கிரிஃபித் சொல்லிக்கொண்டிருந்தார். அதை நம்பிய நாட்ஸ் யுனிவர்சல் நிறுவனத்தோடு திரைப்பட ஒப்பந்தம் செய்துகொண்டார். பிறகு கிரிஃபித் மனம் மாறித் தொடர்வதென்று முடிவு செய்தார். ஆனால் நாட்ஸ் கையெழுத்திட்டாயிற்று. 1965இல் அவர் விலகினார். தொடர் 1968 வரை, மொத்தம் 249 எபிசோடுகளாக ஓடியது. முதல் ஐந்து ஆண்டுகள் கறுப்பு வெள்ளையில் வந்த தொடர் வண்ணத்துக்கு மாறிய அதே வேளையில் பார்னி ஊரைவிட்டுப் போய்விட்டான். இன்றும் அந்தத் தொடரின் ரசிகர்களில் பலர் கறுப்பு வெள்ளை ஆண்டுகளையே விரும்பிப் பார்க்கிறார்கள்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறை விஷயங்கள் இரண்டு. வாய்ப்பேச்சாகக் கேட்ட முடிவுத் தேதியை நம்பி வேறு ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள். தொடர் நீடித்தால் என்ன செய்வது என்று தயாரிப்பாளரிடம் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள், கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். விலகத்தான் வேண்டும் என்றால் திரும்பி வரும் கதவைச் சாத்திவிடாதீர்கள். பார்னியைக் கதையில் சாகடிக்கவில்லை. பெருநகரக் காவல்துறையில் வேலை கிடைத்துப் போனதாகவே வைத்தார்கள். அதனால் அடுத்த மூன்று ஆண்டுகளில் ஐந்து எபிசோடுகளுக்கு அவன் விருந்தாளியாக வர முடிந்தது. நாட்ஸின் ஐந்து எம்மிகளில் 1966, 1967 ஆண்டுகளுக்கானவை அந்த விருந்தாளி வருகைகளுக்குக் கிடைத்தவை. உங்கள் பாத்திரத்தை ரயிலேற்றி அனுப்புங்கள் என்று எழுத்தாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், விபத்து வேண்டாம்.

யுனிவர்சலுக்காக 1966 முதல் 1971 வரை ஐந்து படங்களில் நாயகனாக நடித்தார். பேய் வீட்டில் ஓர் இரவு தங்க நேர்ந்த அச்சுக்கோப்பவனின் கதையான "தி கோஸ்ட் அண்ட் மிஸ்டர் சிக்கன்" அவற்றில் முதலாவது, என் பார்வையில் சிறந்ததும்கூட. அதை எழுதிய ஜிம் ஃபிரிட்செல், எவரெட் கிரீன்பாம் இருவரும் மேபெர்ரிக்கு எழுதியவர்கள். நாட்ஸின் வாய்க்கு எந்தச் சொல் எப்படி வரும் என்று அறிந்தவர்கள். புதிய இடத்துக்குப் போகும்போது பழைய எழுத்தாளரை உடன் அழைத்துப்போக முடிந்தால் சம்பளத்தில் சற்று விட்டுக்கொடுத்தாவது அதைச் செய்யுங்கள்.

1970இல் என்பிசி அவர் பெயரிலேயே பாட்டும் துணுக்கும் கலந்த ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. ஒரு பருவத்தோடு முடிந்துபோனது. அத்தகைய நிகழ்ச்சியில் மேடைக்கு வந்து விருந்தினரை வரவேற்பவர் தாமாகவே நிற்க வேண்டும். வேடத்துக்குள் புகுந்தால் யாராலும் அசைக்க முடியாத நடிகருக்கு, வேடமில்லாமல் நிற்பது வேறு தொழில். தொகுப்பாளராக வரும்படி உங்களை யாராவது அழைத்தால் இதை நினைத்துப் பார்த்துவிட்டு, ஒரு பாத்திரமாகவே வந்து தொகுத்தளிக்க அனுமதி உண்டா என்று கேளுங்கள்.

இன்னொருவர் விட்டுப்போன இடத்தில் நுழைவது

ஓடிக்கொண்டிருக்கும் தொடரில் "இவருக்குப் பதிலாக இவர்" என்று நுழைவதைப்போல் சங்கடமான வேலை இல்லை. 1979இல் நாட்ஸ் அதைச் செய்தார். ஏபிசியின் "த்ரீஸ் கம்பெனி" தொடரில் வீட்டுக்காரர் ரோப்பராக நடித்த நார்மன் ஃபெல், அவர் மனைவியாக நடித்த ஆட்ரா லிண்ட்லி இருவருக்கும் தனித் தொடர் கிடைத்ததால் அவர்கள் விலகினார்கள். புதிதாக வந்தவர் ரால்ஃப் ஃபர்லி. ரோப்பர் சலித்துப்போன கணவர், யாரையேனும் மட்டம் தட்டிவிட்டுக் கேமராவைப் பார்த்துப் பல்லிளிப்பவர். ஃபர்லியோ தனி ஆள். கண்ணைப் பறிக்கும் நிறத்தில் உடையணிந்து, கழுத்தில் கைக்குட்டை சுற்றி, பெண்களெல்லாம் தன்மேல் மயங்கிக் கிடப்பதாக நம்புபவர். கட்டடத்தின் உண்மையான சொந்தக்காரர் அவருடைய சகோதரர் பார்ட். இவர் வெறும் மேலாளர். தன்னைப் பற்றி உயர்ந்த எண்ணம், கையில் உண்மையான அதிகாரம் இல்லாமை என்று பார்த்தால் பார்னியின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. மேலே போர்த்திய சதை முற்றிலும் வேறு.

உங்களுக்கு இந்த நிலை வந்தால், விலகிய நடிகரின் பழைய எபிசோடுகளைப் பார்த்து அவருடைய தனிப் பழக்கங்கள் மூன்றை எழுதிக்கொள்ளுங்கள். அந்த மூன்றும் உங்களுக்குத் தடை. பிறகு, முந்தையவருக்கும் மற்றப் பாத்திரங்களுக்கும் இருந்த உறவில் எது கதைக்குக் கட்டாயம் வேண்டும் என்று பாருங்கள். வாடகை கேட்க ஒருவர் வந்தாக வேண்டும், அது இல்லாமல் கதை ஓடாது. அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் புதிதாகச் செய்யுங்கள்.

படப்பிடிப்பு முறையும் மாறியிருந்தது. மேபெர்ரி ஒரே கேமராவில், பார்வையாளர் இல்லாமல், திரைப்படம்போல எடுக்கப்பட்டது. "த்ரீஸ் கம்பெனி"யோ பார்வையாளர் முன்னிலையில் பல கேமராக்களில் பதிவானது. முதல் முறையில் கண்ணிமை அசைந்தால் போதும். இரண்டாவதில் கடைசி வரிசைக்கும் எட்ட வேண்டும், சிரிப்பு ஓயும்வரை அடுத்த வசனத்தைப் பிடித்துவைத்திருக்கவும் வேண்டும். ஃபர்லியின் கண்கள் பார்னியின் கண்களைவிடப் பெரிதாக விரிவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். குறும்படத்திலிருந்து மேடைக்கோ மேடையிலிருந்து கேமராவுக்கோ மாறுகிறவர்கள் ஒரே காட்சியை இரண்டு அளவிலும் செய்து பதிவு செய்து பார்க்க வேண்டும். தொடர் முடிந்த 1984 வரை நாட்ஸ் ஃபர்லியாகவே இருந்தார். அந்தத் தலைமுறைப் பிள்ளைகள் பலருக்கு அவரைப் பார்னியாகத் தெரிந்திருக்கவே இல்லை.

வயதான பிறகு

1986இல் மேபெர்ரிக் குழு மீண்டும் கூடிய தொலைக்காட்சிப் படத்தில் பார்னிக்கும் தெல்மா லூவுக்கும் ஒருவழியாகத் திருமணம் நடந்தது. 1988 முதல் 1992 வரை, கிரிஃபித் வழக்கறிஞராக நடித்த "மேட்லாக்" தொடரில் நாட்ஸ் அவ்வப்போது பக்கத்து வீட்டுக்காரராக வந்தார். 1955இல் தொடங்கிய நட்பு முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் வேலை கொடுத்துக்கொண்டிருந்தது. உடன் நடித்தவரின் பிறந்தநாளை நினைவு வைத்திருப்பது முகவரை வைத்துக்கொள்வதைவிடச் சில வேளைகளில் பயனுள்ளது.

கடைசி ஆண்டுகளில் விழித்திரை நோயால் அவர் பார்வை மங்கியது. கண்களை வைத்தே பேர் வாங்கிய நடிகர் அதன் பிறகும் வேலையை நிறுத்தவில்லை; 2005இல் வெளிவந்த டிஸ்னியின் "சிக்கன் லிட்டில்" அனிமேஷன் படத்தில் மேயராக வரும் வான்கோழிக்குக் குரல் கொடுத்தார். 2006 பிப்ரவரி 24 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் தமது 81ஆம் வயதில் இறந்தார். மார்கன்டவுனில் 2016இல் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

குரல் மட்டும் மிஞ்சும் நாளுக்கான பயிற்சியை இப்போதே தொடங்கலாம். நீங்கள் நடித்த காட்சிகளில் நன்றாக வந்தது என்று நினைக்கும் ஒன்றை எடுத்து, படத்தை மறைத்துவிட்டு, உங்களை அறியாத ஒருவரிடம் ஒலியை மட்டும் கேட்கக் கொடுங்கள். அவர் சிரித்த இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். படத்தோடு பார்த்தவர்கள் சிரித்து, இவர் சிரிக்காமல் விட்ட இடங்களில் உங்கள் முகம் மட்டுமே வேலை செய்திருக்கிறது; அந்த வரிகளை மட்டும் தனியாக எழுதி, கைகளைக் கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து நின்று மறுபடியும் பதிவு செய்யுங்கள்.